எல்லாக் கதவுக்கும் ஒரே பூட்டு

வெகுகாலத்துக்கு முன்பு வேங்கைநாட்டை இளவெயினன் என்றொரு ராஜா ஆண்டான். ஆட்டிப்படைத்தான் என்பதுதான் சரி. ஒருநாள் தேன்கதலிப் பழம் அவன் நாக்குக்குப் பிடித்துவிட்டது. உடனே பிரதானி பூதப்பர் எழுந்து, "மன்னா, நாடெங்கும் இதையே நடுவோம். மற்ற வாழையை வெட்டிப் போடுவோம்" என்றார். கும்பிடு போட்டே வளர்ந்த ஆள், வேறென்ன சொல்வார்?

நட்டார்கள். எல்லாம் ஒரே தாய்வாழையின் வழிவந்த கன்றுகள். சில வருஷத்தில் இலைகள் மஞ்சளித்துத் தொங்கின. தண்டை வெட்டினால் உள்ளே கருஞ்சிவப்பாய் அழுகல். நோய் தாங்கும் இன்னொரு வாழையைத் தேடிப் பிடித்து, மறுபடியும் நாடெங்கும் அதை மட்டுமே நட வைத்தார் பூதப்பர். புத்தி வரவேண்டாமா? முதலில் செழித்தது. பிறகு அதே மஞ்சள், அதே அழுகல். தோப்பு தோப்பாய்ச் சாய்ந்தது. ஏதோ சூனியம் என்று பயந்து ஜனங்கள் வாசல் கதவைக்கூடத் திறக்கவில்லை.

குறும்பாறை என்ற ஊரில் மட்டும் விதவிதமான வாழைகள் சாயாமல் நின்றன. ஆணையை மீறி ஒளித்து வளர்த்தவை.

"சூனியக்காரர்கள்! ஊரோடு கொளுத்துங்கள்!" என்றார் பூதப்பர். நடுங்கிப்போயிருந்த ராஜா தலையாட்டி, நாளும் குறித்துவிட்டான்.

அமைச்சர் கீரந்தையார் எதிர்த்துப் பேசவில்லை. "அதற்குள் அரண்மனைக் காவலைப் பலப்படுத்துவோம், மன்னா. எல்லாக் கதவுக்கும் ஒரே மாதிரிப் பூட்டு. பார்க்கவும் லட்சணமாயிருக்கும்."

"உடைக்க முடியாதே?"

"உடைக்கவே முடியாது."

குறித்த நாளும் வந்தது. மத்தியானத் தூக்கத்தில் ராஜாவின் கழுத்தில் சில்லென்று இரும்பு பட்டது. அலறி எழுந்தால், கையில் சாவியோடு கீரந்தையார்!

"நீரா! எப்படி உள்ளே வந்தீர்?"

"கண்டபடி அராவிய சாவிகளைச் சமையலறைக் கதவில் போட்டுப் போட்டுப் பார்த்தேன். எத்தனையோ தோற்றன, ஒன்று திறந்தது. அப்புறம் எனக்கு வேலையே இல்லை. ஆயுதசாலை, கஜானா, உங்கள் படுக்கையறை... எல்லாம் ஒரே பூட்டாயிற்றே!"

ராஜா கதவையும் சாவியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நோயும் இப்படித்தான், மன்னா. அது பெருகும்போது ஒன்றிரண்டு சற்றே மாறிப் பிறக்கும். பெரும்பாலும் வீண். ஒன்று பொருந்தினால் போதும், அதன் வம்சமே நாட்டைத் திறந்துவிடும். குறும்பாறையில் வாழைக்கு வாழை வேறு பூட்டு. அதைத்தான் கொளுத்தப் போகிறோம்."

"தீ வைக்கப் போனவர்களைத் திரும்பக் கூப்பிடுங்கள்!" என்று கத்தினான் ராஜா. பிறகு மெல்ல, "இனி அந்த நோய் வராதே?"

"வரும். இப்போதும் எங்கோ மாறிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் எல்லாக் கதவும் அதற்குத் திறக்காது."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டான். பூதப்பரை, பல்லக்கு இல்லாமல் நடந்தே போய்க் குறும்பாறையில் கன்று கேட்டு வாங்கி வரச் சொன்னான்.

ஊர் எல்லையில் காத்தாயி என்பவள் வழிமறித்தாள். "கன்று தர்றோம், ஐயா. ஆனா செத்த தோப்பெல்லாம் மிதிச்ச கால் இது. மண்ணோட நோயும் வரும். கழுவிட்டு உள்ளே வாங்க."

நாடே கும்பிட்ட பூதப்பர் குனிந்து, விரலிடுக்கு விடாமல் கழுவினார். நிமிர்ந்தார்.

"இன்னொரு தரம்" என்றாள் காத்தாயி.