வீடு திரும்பிய தோட்டா

கடவுள் புத்தியைப் பங்கு வைத்த அன்று கொட்டாம்பூண்டிக்காரர்கள் மொத்தமாகச் சந்தைக்குப் போயிருந்தார்கள். அதனால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

அந்த ஊர்ச் சடையாண்டிக்கு ஒரு கவலை. அவனுடைய மரவள்ளித் தோட்டத்தில் பாதியை ஒரு காட்டுப்பன்றி தோண்டித் தின்றுவிட்டது. மிச்சப் பாதிதான் மழைக்காலம் முழுக்க அவன் வீட்டுக்குச் சாப்பாடு. அதுவும் போனால் அடுப்பில் பூனைதான் தூங்கும். பயந்துபோய், பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்திருந்த சுபேதார் சந்தியாகுவின் காலில் விழுந்தான்.

சுபேதார் தம் துப்பாக்கியைக் கொடுத்தார். மற்ற துப்பாக்கிகளைவிட ஒரு முழம் குட்டை; புதருக்குள் சிக்காது. பக்கவாட்டில் இருக்கும் கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி மடக்கினால் ஒரு தோட்டா உள்ளே போகும். சுட்டபின் மறுபடி இழுத்தால் வெறும் பித்தளைக் குப்பி வெளியே விழும். ஐந்து தோட்டாவும் கொடுத்துக் கூடவே மூன்று விதியும் சொன்னார். துப்பாக்கி ஓரிடம், தோட்டா வேறிடம் இருக்க வேண்டும். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா போட்டதாகவே நினைக்க வேண்டும். சுடுமுன் குறிக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

சடையாண்டி ஒன்றையும் விடவில்லை. இரண்டு மைல் தள்ளி மேலப்பட்டியில் இருந்த தங்கை பேச்சியம்மாவிடம் தோட்டாக்களைக் கொடுத்துவிட்டு வந்தான்.

விடியும் நேரம் தோட்டத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். சடையாண்டி, அவன் கூட்டாளி ஒச்சு, ஊரிலேயே யோசிக்கத் தெரிந்தவன் என்று பேர் வாங்கிய முத்திருளன். துப்பாக்கி இவ்வளவு குட்டையாக இருக்கிறதே, இன்னும் வளருமா என்று முத்திருளன் கொஞ்ச நேரம் யோசித்தான். அப்போது ஒச்சுவுக்கு வேறொரு சந்தேகம் வந்தது.

“தோட்டா தங்கச்சி வீட்டுல இருக்கே. இதுல என்னத்தப் போடுறது?”

“போட்டதா நெனைக்கணும்னு சுபேதார் சொன்னாரா இல்லையா?” என்றான் முத்திருளன்.

“சொன்னாரு.”

“அப்ப நெனைடா.”

மூவரும் கண்ணை மூடி நினைத்தார்கள். சடையாண்டிக்குக் குடும்பக் கவலை இருந்ததால் அவன் கொஞ்சம் அழுத்தியே நினைத்தான்.

கண்ணைத் திறந்தபோது பன்றி கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது. சடையாண்டி குறி வைத்தான். மூன்றாவது விதி ஞாபகம் வந்து ஒச்சுவை அனுப்பினான். ஒச்சு தோட்டத்தைச் சுற்றிப் போய்ப் பன்றிக்கு நேர் பின்னால் நின்று, “இங்க நான் மட்டுந்தான் இருக்கேன், சுடலாம்” என்று கத்தினான்.

சடையாண்டி விசையை இழுத்தான். ‘டிக்’ என்றது. முதுகுக்குப் பின்னால் ஒச்சு போட்ட சத்தத்தில் மிரண்ட பன்றி வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடியது. சடையாண்டிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

கைப்பிடியை இழுத்துப் பார்த்தார்கள். குப்பி விழவில்லை. முத்திருளன் குழாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு, இந்தத் தோட்டா சட்டையைக் கழற்றிப் போடாமல் உடுத்திய உடுப்போடேயே போயிருக்கிறது என்றான். அவ்வளவு ஒழுக்கமான தோட்டாவைத் தெருவில் விடக் கூடாது என்று மூவரும் தேடிப் போனார்கள். வழியெல்லாம் தேடிக்கொண்டே மேலப்பட்டிக்கே வந்துவிட்டார்கள்.

பேச்சியம்மா வீட்டு முறத்தில் ஐந்து தோட்டாவும் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. முத்திருளன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். நான்கின்மேல் கூரை நிழல் விழுந்திருந்தது; வெயில் பட்ட ஓரத்தில் இருந்தது மட்டும் கையைச் சுட்டது.

“இதுதான் போனது. ஓடி வந்த சூடு இன்னும் ஆறலை.”

“நமக்கு முன்னாடி வந்துருச்சே,” என்றான் ஒச்சு. “தண்ணி கிண்ணி குடுத்தியாத்தா?”

“காலையிலயே ஒரு சொம்புத் தண்ணி ஊத்தித்தான் காய வச்சேன்,” என்றாள் பேச்சியம்மா. பிறகு அண்ணனைப் பார்த்தாள். “நாளைக்கு மத்த நாலும் வேலைக்குப் போகும். பசியோட திரும்புமே, வீட்டுல ஒண்ணும் இல்லையேண்ணே.”

சடையாண்டிக்கு மனசு கேட்கவில்லை. தன் கிழங்கைக் காப்பாற்றிய தோட்டாக்களைப் பட்டினி போடுவதா? சாயங்காலத்துக்குள் மிச்சத் தோட்டத்தையும் ஒரு கிழங்கு விடாமல் பிடுங்கி, வண்டியில் ஏற்றித் தங்கை வீட்டில் இறக்கினான்.

மறுநாள் விடிந்ததும் பன்றி வந்தது. வெறும் மண்ணை அங்குமிங்கும் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

“பயந்துருச்சு,” என்றான் சடையாண்டி. “அஞ்சும் வயிறாரத் தின்னுட்டுத் தெம்பா இருக்குன்னு அதுக்கும் தெரிஞ்சுபோச்சு.”