மர்யொனுக்கு இரண்டு பொருள் வந்த கதை

இந்தக் கதையை நான் நேராகக் கேட்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் கொரிய மொழி வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் சுகிர்தா சொன்னாள். அவளுக்கு அவளுடைய பழைய ஆசிரியை சொன்னாராம். ஆசிரியைக்கு யார் சொன்னார்கள் என்று சுகிர்தாவுக்குத் தெரியவில்லை. வரும் வழியில் ஏதாவது மாறியிருக்கலாம். எனக்கு வந்து சேர்ந்தபடியே எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில், விலங்குகளெல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, கொரிய நாட்டின் கிழக்கே ஒரு மலையில் தோரி என்ற அணில் இருந்தாள். நம் ஊர் அணிலுக்கு முதுகில் மூன்று கோடு; அந்த ஊர் அணிலுக்கு ஐந்து. நம் அணில் மரத்தில் கூடு கட்டும். அது தரையில் வளை தோண்டும். தோரியின் வளை ஓர் ஓக் மரத்தின் வேருக்கடியில் இருந்தது. அந்த வருஷம் அவளுக்கு நான்கு குட்டிகள். பிந்திப் பிறந்தவை. வெயில் தணியத் தொடங்கிய பிறகும் கண்ணை முழுதாகத் திறக்காமல் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன.

ஓக் கொட்டைகள் உதிரத் தொடங்கியதும் அணில்கள் அவற்றைப் பொறுக்கி வளைக்குள் சேர்க்கும். அதற்கு அந்த மலையில் ‘மர்யொன்’ என்று பெயர். ஆயத்தம் செய்வது, முன்கூட்டியே ஏற்பாடு பண்ணி வைப்பது. அப்போது அந்தச் சொல்லுக்கு அவ்வளவுதான் பொருள். அந்தக் காலத்து அணிலுக்குக் கன்னம் ஒட்டியிருக்கும். வாயில் ஒரு கொட்டைக்கு மேல் பிடிக்காது. அதனால் முன்கால்களால் உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். பாரம் இழுப்பவர்கள் குரல் கொடுப்பார்களே, அதுபோல ஒவ்வொரு கொட்டையை உருட்டும்போதும் தோரி, “மர்யொன், மர்யொன்” என்று சொல்லிக்கொண்டே போவாள். சின்ன உடம்பு, பெரிய குரல். மலை முழுக்கக் கேட்கும்.

அந்தக் குரல் கேட்டுச் சில நாட்களில் இலைகள் சிவக்கும். அப்புறம் உதிரும். அப்புறம் வெண்பனி கொட்டும். எல்லா வருஷமும் இதே வரிசைதான்.

இந்த வரிசையைக் கவனித்தவன் ஒரு முயல். முந்தைய குளிர்காலத்தில் அவனுடைய மனைவி பனியில் புதைந்து செத்துப்போயிருந்தாள். அதன் பிறகு அவனுக்கு யோசிப்பதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை. யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தான். நேராகத் தோரியின் வளை வாசலில் வந்து நின்றான்.

“ஏ தோரி, விருந்தாளி வரலைன்னா எவளாவது உலை வைப்பாளா?”

“வைக்க மாட்டா.”

“நீ வைக்கிற. அதனாலதான் அவன் வர்றான். குளிர்காலத்துக்கு வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கிறவளே நீதான்.”

தோரி சிரித்தாள். முயல் சிரிக்கவில்லை. அவன் கரடியிடம் போனான்.

கரடிக்கு அங்கே எல்லோரும் மரியாதை கொடுத்துத்தான் பேசுவார்கள். அவருடைய உடம்பு அப்படி. அவருக்கும் குளிர்காலத்தின்மேல் ஒரு மனத்தாங்கல் இருந்தது. “என் ஆயுசுல பாதி தூக்கத்துலயே போகுதுப்பா. ஒரு தடவையாவது முழு வருஷத்தைப் பார்க்கணும்” என்பார். முயல் சொன்னது அவருக்கு நியாயமாகப் பட்டது. ஓடைக்கரையில் எல்லோரையும் கூட்டித் தோரியை வரச் சொன்னார்.

“ஏம்மா, நீ மர்யொன் செய்யாம இருந்து, குளிர்காலம் வந்து பார்த்திருக்கியா?”

தோரி யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. “இல்லைங்க.”

“உங்கம்மா பார்த்திருக்காளா?”

“அவங்களும் வருஷா வருஷம் சேர்த்தாங்க.”

“பாருங்க, குடும்பத் தொழில்!” என்றான் முயல். கூட்டம் சிரித்தது.

“அண்ணே, எனக்கு நாலு குட்டி இருக்கு. பால்குடி மறக்கல” என்றாள் தோரி. “ஒருவேளை வந்துட்டா என்ன பண்றது?”

“நீ கூப்பிடலைன்னா அது ஏன் வரப்போகுது?” என்றான் முயல்.

கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தபோது அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை உண்மையாகவே நான்தான் கூப்பிடுகிறேனோ? முயலின் மனைவி செத்தது என்னாலா?

இந்த வருஷம் மர்யொன் கிடையாது, அந்தச் சொல்லையும் யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்று கரடி தீர்ப்புச் சொன்னார். இதுவரை சேர்த்தது எல்லாம் ஓடைக்குப் போக வேண்டும்.

“நான் தோண்டினா உன் வளை தாங்காதும்மா. குட்டிங்க வேற தூங்குது” என்றார் இதமாக. “நீயே எடுத்துப் போட்டுடு.”

தோரி ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வந்து ஓடையில் தள்ளினாள். கரடி ஒரு பாறைமேல் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டைகள் சுழன்று சுழன்று போயின. பொழுது சாயும்போது வளையின் மூலையில் ஒரு கைப்பிடி அளவே மிச்சம் இருந்தது. குட்டிகள் அதன்மேல்தான் தலை வைத்துத் தூங்கின. தோரி அவற்றின் தலையை மெல்ல நகர்த்தினாள். ஒரு கொட்டையை வாயில் போட்டாள். இன்னொன்றைத் திணித்தாள். கன்னத்துத் தோல் கிழிவதுபோல வலித்தது. மேலும் மேலும் திணித்தாள். மூலை காலியானதும் வெளியே வந்தாள்.

“முடிஞ்சுதாம்மா?” என்றார் கரடி.

வாய் திறக்க முடியாது. தலையை ஆட்டினாள்.

வாழ்க்கையில் அவள் சொன்ன முதல் பொய் அதுதான். அதையும் வாயால் சொல்லவில்லை.

அடுத்து வந்த நாட்கள் இதமாக இருந்தன. இலைகள் சிவக்க வேண்டிய நேரம் வந்தும் பச்சையாகவே நின்றன. முயல் மரத்தடியில் காவல் இருந்தான். உதிர்ந்த கொட்டை எதையும் தோரி தொடவில்லை. புல்லையும் வேரையும் தேடிக் கடைவாய் ஓரமாகக் கொறித்துக் காலம் தள்ளினாள். கன்னத்தில் இருந்ததை அவள் வளைக்குள் இறக்கவே இல்லை. வளைக்குள் வைத்தால்தானே மர்யொன்? வாயில் இருப்பது வெறுமே வாயில் இருப்பதுதானே? இப்படி ஒரு சமாதானத்தைத் தனக்குச் சொல்லிக்கொண்டு, வீங்கிய கன்னத்தோடு படுத்துக் கிடந்தாள். தூக்கம் வரவில்லை.

“என்ன தோரி, மூஞ்சி இப்படி வீங்கியிருக்கு?” என்று ஒருநாள் முயல் கேட்டான்.

அவள் முன்காலால் பல்லைத் தொட்டுக் காட்டினாள்.

“பல் வலியா? கொறிச்சுக் கொறிச்சுத் தின்னா வேற என்ன வரும்? நல்லா வேணும்.”

வெயில் நீடிக்க நீடிக்க மலையே கொண்டாட்டமாக இருந்தது. கரடி, தான் பார்க்கப்போகும் முழு வருஷத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தோரி மட்டும் வளை வாசலில் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குளிர்காலம் வராவிட்டால் அவர்கள் சொன்னதுதான் சரி. இத்தனை காலம் மலைக்குத் தீங்கு செய்தது அவள் குடும்பம். வந்துவிட்டால் குட்டிகளின் கதி என்ன? எது நடக்க வேண்டும் என்று நினைப்பதென்றே அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு விடியற்காலையில் வெண்பனி கொட்டியது. இலை சிவக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை. பச்சை இலைமேலேயே விழுந்து கிளைகளை ஒடித்தது.

முயல் பாய்ந்து வந்தான். பின்னாலேயே கரடியும் வந்தார்.

“எவளோ மர்யொன் செஞ்சிருக்கா!” என்று கத்தினான் முயல். “ஏய், வாயைத் திற!”

தோரி வளை வாசலில் நின்றாள். உள்ளே குட்டிகள் கீச்சிட்டன. குனிந்து, கன்னத்தில் இருந்த எல்லாவற்றையும் பனிமேல் துப்பினாள். ஒரு சின்னக் குவியல்.

“பார்த்தீங்களா!” என்றான் முயல்.

“நீயும் பாருண்ணே” என்றாள் தோரி. பல நாள் கழித்துப் பேசியதில் குரல் கரகரத்தது. “இதுதான் என் மர்யொன். இதுக்காகவா இவ்வளவு பனி வந்தது? இதுக்கு வந்ததா இருந்தா என் வாசல்ல மட்டும்தானே விழுந்திருக்கணும்? மலை மொத்தமும் ஏன் விழுந்தது?”

முயல் சுற்றிலும் பார்த்தான். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வெள்ளை.

“நாம இங்க கூட்டம் போட்டுப் பேசிக்கிட்டு இருந்தப்ப, அது அங்க மேல தன்னோட மர்யொனைச் செஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. நம்மகிட்ட அது எதையும் கேட்கல. குளிர்காலம்னா அது வர்றதுக்கு மர்யொன்.”

அப்படி ஒரு வாக்கியத்தை அந்த மலையில் யாரும் அதற்கு முன் சொன்னதில்லை. ஆனாலும் எல்லோருக்கும் புரிந்தது: யார் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் அது வந்தே தீரும்.

முயலின் காதுகளில் பனி படிந்தது. “அப்ப, போன வருஷம்…” என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான்.

“யாரும் கூப்பிடலண்ணே” என்றாள் தோரி.

அவன் காலடிக்கு ஒரு கொட்டை உருண்டு வந்திருந்தது. மூக்கால் அதைக் குவியலுக்கே தள்ளிவிட்டுப் போய்விட்டான். கரடி தொண்டையைச் செருமினார். “சரிம்மா, எனக்குக் கண்ணு சொக்குது” என்று சொல்லிவிட்டு அவரும் போய்விட்டார்.

அந்தக் கொட்டைகளை வைத்துத் தோரி குளிர்காலத்தைக் கடந்தாள். தான் தின்னாமல் குட்டிகளுக்குக் கடித்துக் கடித்துக் கொடுத்தாள். பனி உருகியபோது வளையிலிருந்து மூன்று குட்டிகள் வெளியே வந்தன.

கரடி தூங்கி எழுந்து, மெலிந்துபோன உடம்போடு விசாரிக்க வந்தார். முயலும் ஒதுங்கி நின்றிருந்தான். நான்காவது குட்டி செத்துப்போனதைக் கேட்டதும் கரடி பெருமூச்சு விட்டார். “வருத்தப்படாதேம்மா. சின்னது. பனியில சாகறதுக்கு மர்யொன்.”

தோரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அதுவரை யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

“அதுக்கு அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க. பனி வர்றதுக்கு மர்யொன். என் பிள்ளை சாகறதுக்கு இல்ல. அது பிழைக்கிறதுக்கு மர்யொன் இருந்தது. ஓடையில போட்டோம்.”

கரடியின் பார்வை ஓடைப் பக்கம் போயிற்று. பிறகு தரைக்கு வந்தது.

அந்த வருஷம் கொட்டைகள் உதிர்ந்தபோது தோரி யாரையும் கேட்கவில்லை. முன்புபோல உருட்டவும் இல்லை. விரிந்த கன்னம் பிறகு சுருங்கவே இல்லை. இரண்டு பக்கமும் பைபோல நிறைத்துக்கொண்டு ஓடினாள். முயல் எதிரே வந்தான். “மர்யொனா?” என்று கேட்டான். அவளால் பதில் சொல்ல முடியவில்லை. அவன் வழிவிட்டு நின்றான்.

அன்று முதல்தான் அந்த ஊர் அணில்கள், இலையுதிர்காலத்தில் யார் என்ன சொன்னாலும் பதில் பேசாமல், கன்னம் புடைக்கப் புடைக்கக் கொட்டை சேர்க்கின்றனவாம். ஆயத்தம் செய்வதற்கும் நடந்தே தீரும் என்பதற்கும் கொரிய மொழியில் ஒரே சொல் நிலைத்ததும் அன்று முதல்தானாம். பின்னதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள நினைப்பவர் வாயில் முன்னதும் வந்து நிற்கட்டும் என்றுதான் இரண்டையும் பிரிக்காமல் விட்டார்களாம்.

பிறகு நான் கொரிய அகராதியை எடுத்துப் பார்த்தேன். மர்யொன் என்ற ஒரே தலைச்சொல்லின்கீழ் இரண்டு பொருளும் இருக்கின்றன, ஆயத்தம் முதலில். அணிலைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆனால் இலக்கணக் குறிப்பு ஒன்று இருந்தது: நடந்தே தீரும் என்ற பொருளில் வரும்போது அந்தச் சொல் தனியாக நிற்காது. எது நடந்தே தீரும் என்பதை அதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும்.