எருமை கொடுத்த தூரம்

குளக்கரைப் புகைப்படச் சங்கத்தின் தலைவர் ஆவுடையப்பன். அவர் தொலைவில் இருப்பதைக் கிட்டே இழுக்கும் அறுநூறு எம்.எம். லென்ஸைத் தூக்கி வந்தால் பீரங்கி வருவதுபோல இருக்கும். சின்ன லென்ஸ்காரர்கள் கரைக்கு வரக்கூடாதென்று கயிறு வேறு கட்டியிருந்தார். குளம் என்ன அவர் அப்பன் வீட்டுச் சொத்தா?

பால் ஊற்றும் செல்வராணி பழைய கேமராவும் இருநூற்றைம்பது லென்ஸுமாகச் சங்கத்தில் சேர வந்து நின்றாள்.

"அந்தத் திட்டுல நிக்கிற வாத்து கால்ல ஆராய்ச்சிக்காரங்க மாட்டுன வளையம் தெரியுதா? அதுல உள்ள நம்பரைப் படம் எடுத்துட்டு வா. இல்லன்னா சங்கத்துப் பக்கம் தலைகாட்டாத" என்றார் தலைவர். அவராலேயே முடியாத காரியம் அது. வெயிலில் தண்ணீர்மேல் காற்று நெளிந்து, எத்தனை எடுத்தும் எண் கலங்கியே விழுந்தது.

மறுநாள் விடிந்ததும் செல்வராணி, கயிறு கட்டாத துறையில் தன் எருமைகளை இறக்கினாள். அவற்றின் நடுவே குனிந்தபடி அவளும் போனாள். தினமும் பார்க்கிற எருமைகள்தானே, வாத்துகள் அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பெயர் போடாமல் படங்களைத் திரையிட்டார்கள். ஒன்றில் வளையத்தின் எண் பளிச்சென்று தெரிந்தது. ஆவுடையப்பன் எழுந்தே விட்டார்.

"எண்ணூறு லென்ஸ் இல்லாம இதை எடுக்கவே முடியாது. எடுத்தவர் மேடைக்கு வாங்க."

செல்வராணி ஏறினாள். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"யார் லென்ஸ்ம்மா இது?"

"என்னோட இருநூத்தம்பதுதான் அண்ணாச்சி. மிச்ச ஐந்நூத்தம்பதை எங்க எருமைக குடுத்துச்சு. நாளைக்கு நீங்களும் வாங்க. அதுக லென்ஸைப் பாத்து ஆளை வெரட்டாது."