டேப்பின் மறுமுனை

"டேப்பைத் தனியாளாப் பிடிச்சா அளவு…" என்று, கட்டட வேலை பார்த்த என் மாமா ஏதோ சொல்வார். குறையும் என்றாரா, கோணும் என்றாரா, இப்போது நினைவில்லை. அதைத் தொடர்ந்து அவர் சொல்லும் கதை மட்டும் நினைவிருக்கிறது.

மலைமேல் ஒரு சின்ன மடம். ஒரே கூடத்தில் சீடன் தயாபரனும், மூத்த சீடர் சபாபதியும் படுப்பார்கள். சபாபதிக்கு ஓயாத இருமல். தியானம் கலைகிறது என்று தயாபரன் குருவிடம் போனான்.

"கூடத்துக்கு நடுவுல ஜிப்சம் பலகையில ஒரு தடுப்பு போட்டுக்கட்டுமா, சுவாமி? நான் வெளிநாட்டுல இருந்தப்போ வீட்டுச் சுவரே அதுலதான்."

"எத்தனை பலகை வேணும்னு அளந்து சொல்லு."

மாலையில் வந்தான். குரு கஷாயத்துக்குச் சுக்கு தட்டிக்கொண்டிருந்தார்.

"பன்னிரண்டு, சுவாமி. வெட்டுச் சேதாரத்தையும் சேர்த்துட்டேன்."

"வாசலுக்குக் கழிச்சியா?"

"தடுப்புல வாசல் வைக்கலை. அவருக்குத்தான் பின்கதவு இருக்கே."

"ம். கூடம் நீளமாச்சே. டேப்போட மறுமுனையை யார் பிடிச்சா?"

தயாபரன் தரையைப் பார்த்தான். "சபாபதி அண்ணா."

"இருமிக்கிட்டேவா?"

"ஆமா, சுவாமி. 'மெதுவா இழுப்பா, டேப்போட நானும் வந்துடப் போறேன்'னு சிரிச்சார்."

"எதுக்கு அளக்கறேன்னு கேக்கலையா?"



"கேட்டார். 'என் தலைமாட்டுக் கல்சுவர் சில்லிட்டுக் கிடக்கே, அதுமேல பலகை அடிக்கப் போறியா'ன்னு."

"நீ என்ன சொன்னே?"

"ஆமான்னு சொல்லிட்டேன்."

"அதுக்கு அவர்?"

"என் தலையில கை வச்சு… 'நல்லா இரு'ன்னார்."

சுக்கு தட்டும் சத்தம் நின்றது. தயாபரனுக்குக் காது மடல்வரை சுட்டது. திட்டுவார் என்று காத்திருந்தான். குரு திட்டவில்லை.

"கணக்கு சரியா வரலையே, தயாபரா. அந்த 'ஆமா'வுக்கு எத்தனை பலகை ஆகும்? போய் அளந்துட்டு வா."

அவன் டேப்பை எடுத்துக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினான். சபாபதி இருமிக்கொண்டே எழுந்து வந்து, கேட்காமலே மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் கடையில், தலைமாட்டுச் சுவருக்கு மட்டும் பலகை வாங்கினான்.