சிவப்புப் பொட்டு

சுருளிவேலுக்கு ஐம்பத்து மூன்று வயது. அந்த வயதில்தான் அவர் சிஷ்யனாகச் சேர்ந்தார். குரு பவுன்தாய், கம்பம் சாலையில் டீசல் வண்டி பார்க்கிற மெக்கானிக். சுருளிவேலின் மூத்த மகளைவிட இரண்டு வயது சின்னவள். ஆனாலும் அவளை "மேஸ்திரி" என்றுதான் கூப்பிடுவார், அதுவும் வாய் நிறைய. அவள் அவரை "அண்ணே" என்பாள்.

சேர்ந்ததற்குக் காரணம் ஒரு செவ்வாய்க்கிழமை.

வாரம் மூன்று நாள் விடிகாலையில் அவர் தன் பழைய வேனில் ஆறு சிறுநீரக நோயாளிகளை ஏற்றி தேனிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போவார். அந்தச் செவ்வாய் வேன் ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவே இல்லை. பவுன்தாய் வந்து வெடித்திருந்த டீசல் ஓஸை மாற்றி வண்டியை எழுப்புவதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது. அந்த ஆறு பேரில் ஒருவரான தையல்கார இன்னாசியின் முறை தவறிப் போனது. மறுநாள் அவர் மூச்சு விட முடியாமல் திணறியதை சுருளிவேல் பக்கத்தில் நின்று பார்த்தார். இன்னாசி பிழைத்துக்கொண்டார். சுருளிவேலுக்குத்தான் அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை.

"மேஸ்திரி, எனக்கு இந்த வேலையைச் சொல்லிக் கொடுங்க. இனிமே ஒரு நாளும் அப்படி நடக்கக் கூடாது" என்றார்.

பவுன்தாய் ஒரே ஒரு வேலையைச் சொல்லிக் கொடுத்தாள். டீசல் ஃபில்டர் மேலே இருக்கிற சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்கி, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றி, திரும்ப முறுக்குவது. மனிதர் அதை மந்திரம் மாதிரிப் பிடித்துக்கொண்டார். பத்தாம் நம்பர் ஸ்பேனர் அன்றிலிருந்து அவர் சட்டைப் பையிலேயே குடியிருந்தது.

முதல் பத்து நாள் வேன் சொன்ன பேச்சைக் கேட்டது. அப்புறம் காலையில் செல்ஃபை மூன்று அடி, ஐந்து அடி அடித்தால்தான் பிடிப்பேன் என்று இழுக்க ஆரம்பித்தது. இருபத்தாறாம் நாள், திங்கட்கிழமை காலையில், பதினோரு அடி அடித்த பிறகுதான் பிடித்தது.

அன்று சாயங்காலமே வேனைக் கொண்டுபோய் பட்டறை வாசலில் நிறுத்தினார். முகத்தில் ஈயாடவில்லை.

"நாளைக்கு டயாலிசிஸ் நாள் மேஸ்திரி. பேட்டரி புதுசு. ஹீட்டர் பிளக்கும் எரியுது. ஆனா தினமும் காலையில லைன்ல காத்து இருக்கு. எங்கிருந்து வருதுன்னு புரியலை. எனக்குச் சோறு இறங்கலை."

பவுன்தாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"வீட்ல தினமும் என்ன செய்வீங்களோ, அதை இங்கே செய்ங்க."

அவர் பானெட்டைத் தூக்கினார். ஸ்பேனரை எடுத்து ஸ்க்ரூவைத் தளர்த்தி, பம்பை அமுக்கி, குனிந்து பார்த்தார். டீசல் தெளிவாக வந்தது. ஸ்க்ரூவை முறுக்கி, மனசு கேட்காமல் இன்னும் ஒரு சுற்று முறுக்கினார்.

"காத்து இருந்துச்சா?"

"இல்லை. சாயங்காலம் இருக்காது மேஸ்திரி. காலையிலதான் இருக்கும்."

"இதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை செய்வீங்க?"

"வண்டியை நிறுத்தினதும் ஒரு தடவை. படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை. எந்திரிச்சதும் ஒரு தடவை." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னாசி நினைப்பு வந்தா இன்னொரு தடவை" என்றார்.

அவள் கையை நீட்டினாள். அவர் ஸ்பேனரைக் கொடுத்தார். அவள் ஸ்க்ரூவை முழுசாகக் கழற்றி, அதன் அடியிலிருந்த செம்பு வாஷரை அவர் உள்ளங்கையில் வைத்தாள். வாஷர் நசுங்கி, ஒரு ஓரம் கீறி, காகிதம் போல ஆகியிருந்தது.

"ஓஸ் மாத்தின அன்னைக்கு இதையும் புதுசாத்தான் மாட்டினேன். நாலு வருஷம் வரணும்."

சுருளிவேல் வாஷரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இங்கே டீசல் கசியவே இல்லையே மேஸ்திரி. நான் தினமும் தொட்டுப் பாக்கறேன்."

"வெளியே கசியாது. இந்தச் சந்து வழியா ராத்திரி காத்து உள்ளே போகும், டீசல் டேங்குக்கே இறங்கிரும்."

இருபத்தாறு நாளாக ஊரெல்லாம் தேடிய திருடன் அவருடைய சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறான். காது மடல் சுட்டது. அவமானத்தைவிட பயம்தான் பெரிதாக இருந்தது. இன்னாசியை இன்னொரு தடவை அந்த நிலைக்குக் கொண்டுபோக இருந்தது தன் கைதான் என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

பவுன்தாய் புது வாஷர் போட்டு முறுக்கினாள். டூல் பெட்டியிலிருந்து ஒரு நகப்பூச்சு புட்டியை எடுத்தாள். அவள் நகத்தில் கிரீஸ் தவிர வேறொன்றும் இருந்ததில்லை. ஸ்க்ரூவும் ஃபில்டரும் சேருகிற இடத்தில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தாள்.

"போன தடவையும் வச்சேன். நீங்க கவனிக்கலை. முதல் நாளே ஸ்க்ரூவைத் திருகி உடைச்சிட்டீங்க."

ஸ்பேனரைத் திரும்ப அவரிடமே நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. "வேணாம் மேஸ்திரி. நீங்களே வச்சுக்கங்க. என்கிட்ட இருந்தா கை சும்மா இருக்காது."

"வச்சுக்கங்க. வழியில நின்னா வேணும்."

அவர் அதை வாங்கிப் பையில் போட்டார். வேனில் ஏறி உட்கார்ந்தும் கிளம்பவில்லை.

"மேஸ்திரி, ஒண்ணே ஒண்ணு. திறந்து பாக்கக் கூடாதுன்னா, உள்ளே காத்து இல்லைன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"காலையில இன்னாசி அண்ணனைக் கேளுங்க" என்றாள் பவுன்தாய்.

"தையல்காரருக்கு டீசல் லைன் பத்தி என்ன தெரியும்?"

அதற்குள் அவள் அடுத்த வண்டிக்கு அடியில் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கால் நேராக பானெட் பக்கம்தான் போனது. திறந்தார். சிவப்புப் பொட்டு அப்படியே இருந்தது. ஸ்பேனரை ஸ்க்ரூவில் மாட்டினார். இன்னும் திருகவில்லை. உள்ளே ஒரு குமிழி இருந்தால்? அவள் சரியாக முறுக்கியிருக்காவிட்டால்? ஒரே ஒரு தடவை பார்த்தால் என்ன குடி முழுகிவிடும்?

"வண்டியை நிம்மதியாத் தூங்க விடுங்க" என்றாள் வாசலில் நின்ற அவர் மனைவி பேச்சியம்மா. "உங்களைக் கட்டிக்கிட்டு அதுவும் பாடாப்படுது."

அவர் ஸ்பேனரை எடுத்துவிட்டு பானெட்டை மூடினார். அன்றைக்கு அவர் தூங்கினார் என்று சொன்னால் அது பொய்.

விடிகாலை ஐந்து மணிக்குச் சாவியைப் போட்டார். ஹீட்டர் விளக்கு எரிந்து அணையும்வரை காத்திருந்தார். முதல் அடிக்கு இன்ஜின் பிடிக்கவில்லை. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அந்தக் கையை இழுத்து ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு இன்னொரு தடவை சாவியைத் திருகினார். வேன் ஒரு உலுக்கு உலுக்கி, புகையைக் கக்கி, பிடித்துக்கொண்டது.

முதல் நிறுத்தம் இன்னாசி வீடு. அவர் வழக்கம்போலப் படியில் உட்கார்ந்திருந்தார். முழுக்கைச் சட்டை, தானே தைத்த துணிப்பை, மடியில் ஆஸ்பத்திரி சீட்டு. கால் இரண்டும் வீங்கியிருந்தன. முன் சீட்டில் ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்தார்.

சுருளிவேல் கியரைப் போடாமல் அவர் பக்கம் திரும்பினார்.

"இன்னாசி, அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு அப்புறமும் ஒரு நாள்கூட நீ எனக்கு ஃபோன் பண்ணி வண்டி வருமான்னு கேட்டதில்லையே. உனக்குப் பயமா இல்லையா?"

"பயம் இல்லாம இருக்குமா? எந்திரிச்சதிலிருந்து பயம்தான்."

"அப்போ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

இன்னாசி துணிப்பையை மடியில் சரிசெய்துகொண்டார்.

"கேட்டா, நீ உடனே போய் பானெட்டைத் திறப்பே. அதான் பயத்தோடயே சட்டையை மாட்டிக்கிட்டுப் படியில உக்காந்துட்டேன்."