படத்தை மறைத்த சைக்கிள்

புதிதாக மெட்ரோ ரயில் வந்த நகரம் ஒன்றில் ஒரு கறுப்பு சைக்கிள் இருந்தது. அதை ஓட்டுபவள் ஜெசிந்தா. ஊரின் மறுகோடி ஆஸ்பத்திரியில் அவளுக்குத் துப்புரவு வேலை. அவ்வளவு தூரமும் மிதித்தே போவதால் முட்டி வலி உயிரை எடுக்கும், நேரமும் ஆகிவிடும். "இன்னொரு தரம் லேட்டா வந்தே, அப்படியே வீட்டுக்குப் போயிடு" என்று மேஸ்திரி சொல்லியாயிற்று.

அதனால் மெட்ரோ வந்ததும் சைக்கிளுக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டேஷன் வரைக்கும் நான், அப்புறம் ரயில்! அவள் முட்டியும் பிழைத்தது, வேலையும் பிழைத்தது என்று பூரித்துப் போனது.

சாலையோரம் பச்சைப் பெயின்ட் பூசிக்கொண்டு புது சைக்கிள் பாதை படுத்திருந்தது. சக்கரம் பட்டதும் முனகியது.

"பார்த்துப் போப்பா. முன்னாடி கார் நிக்குது, அதைத் தாண்டினா டிரான்ஸ்பார்மர், அப்புறம் பஜ்ஜிக் கடை."

"அப்ப நீ எதுக்கு இருக்கே?"

"திறப்பு விழாவுக்கு. ரிப்பன் வெட்டினாங்க, கைதட்டினாங்க. அதோட சரி."

எப்படியோ வளைந்து நெளிந்து ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தார்கள். ஸ்டேஷன் பளபளவென்று நின்றது.

"கார்னா கீழே போகணும். பைக்னா பின்பக்கம்" என்றது.

"நான் சைக்கிளுங்க. எங்கே நிக்கட்டும்?"

ஸ்டேஷன் சுற்றுமுற்றும் தேடிப் பார்த்தது. பிறகு பெருமையாகச் சுவரைக் காட்டியது. "உன்னைத்தான் வரைஞ்சே வச்சிருக்கோமே, பார்க்கலையா?"

சுவர் முழுக்க ஓவியம். கூடை நிறையப் பூவோடு ஒரு பெண் சிரித்தபடி சைக்கிள் ஓட்டினாள்.

ஜெசிந்தாவுக்கு ஓவியம் பார்க்க ஏது நேரம்? படத்துக்குக் கீழே இருந்த கம்பியில் சங்கிலி போட்டுப் பூட்டினாள். "இங்கேயே இரு ராசா, சாயங்காலம் வந்துடறேன்" என்று சீட்டைத் தட்டிவிட்டு ஓடினாள். அன்றைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

மதியம் அதிகாரி ஒருவர் போட்டோக்காரரோடு வந்தார். முகம் சுளித்தார்.

"யாருய்யா இந்த ஓட்டை சைக்கிளை இங்கே விட்டது? படத்தை மறைக்குது. தூக்குங்க!"

"ஐயா, அந்தப் படத்தில இருக்கிறதே நான்தானே!" என்று சைக்கிள் கதறியது. யார் காதில் விழும்? சங்கிலியை வெட்டிக் குப்பை லாரியில் வீசினார்கள்.

சாயங்காலம் ஜெசிந்தா சாவியும் கையுமாகக் கம்பியின் முன்னால் நின்றாள். மறுநாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தே வந்தாள். ஆஸ்பத்திரிக்கு லேட்டாகத்தான் போனாள். மேஸ்திரி சொன்ன சொல் தவறவில்லை.

சுவரில் இருந்தவள் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டே மிதிக்கிறாள். அவளுக்கென்ன, அவள் எந்த வேலைக்கும் நேரத்தோடு போய்ச் சேர வேண்டியதில்லை.