பிராணன் உள்ளதெல்லாம் பிராணி

வேங்கைநாட்டு ராஜா உத்தண்டராயர் பட்டம் சூடிய நாள் வந்துவிட்டால் ஊரில் பத்து நாள் வாணவேடிக்கை. பட்டத்துக்கு வந்தபின் அவர் செய்த காரியம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. வேட்டாவது பெரிதாக இருக்கட்டும் என்று சபையோர் விட்டுவிட்டார்கள். அந்த வேட்டுக்கெல்லாம் தலைவர் விழா அதிகாரி ரணசிங்கர். ரணமும் சிங்கமும் பெயரோடு சரி. போர்க்களத்தை அவர் அரண்மனைச் சுவர் ஓவியத்தில்தான் பார்த்திருக்கிறார். மீசைக்கு நெய் தடவ மட்டும் தனி ஆள் வைத்திருந்தார்.

முதல் நாள் ஊர்வலம். வீடுகளுக்கு நடுவே அதிர்வேட்டைக் கொளுத்திப் போட்டார்கள். பால்காரி குப்பாச்சியின் கிழட்டு நாய் கரியன் மிரண்டு, கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு, பல்லக்குத் தூக்கிகளின் கால்களுக்கு நடுவே புகுந்து ஓடியது. பல்லக்கு சாய்ந்தது. ராஜா தப்பித்தார், கிரீடம் சாணியில் விழுந்தது.

மறுநாளே ஓலை பிறந்தது. "விழா நாட்களில் வேட்டுச் சத்தத்துக்கு அஞ்சி ஓடும் பிராணி எதுவானாலும், அதற்குச் சோறு போட்டு வளர்ப்பவருக்குப் பன்னிரண்டு கசையடி." ரணசிங்கர் சொல்லச் சொல்ல எழுதியது. ராஜா முத்திரை வைத்தார். படித்துப் பார்த்துத்தான் வைத்தார் என்று யாரும் சத்தியம் செய்யமாட்டார்கள். முதல் அடி குப்பாச்சிக்கு, அடுத்த நாள் உச்சிப்பொழுதில், சந்தையில் வைத்து.

அந்த ஓலையைச் சபையில் உரக்கப் படிக்க வேண்டியவர் அம்பலத்தாடி. ஓலை வாசிப்பதுதான் அவர் வேலை. எத்தனையோ அசட்டு ஓலைகளை முகம் மாறாமல் படித்தவர். இதைப் படித்து முடித்தபோது வேப்பங்காயைக் கடித்ததுபோல் வாய் கசந்தது.

வீட்டுக்கு வந்தால் வாசலில் குப்பாச்சி நிற்கிறாள். அடிக்கு அவள் பயப்படவில்லை. நாய் வைக்கோற்போருக்குள் புகுந்துகொண்டு நேற்றிலிருந்து சோறு தண்ணீர் தொடாமல் நடுங்குகிறது என்றாள்.

"அடிய நான் வாங்கிக்கிறேன் சாமி. இன்னும் எட்டு நாளு வேட்டு இருக்கே, கரியன நான் எங்க கொண்டுபோயி ஒளிப்பேன்?"

அம்பலத்தாடிக்கு நெஞ்சு சுட்டது. நாயை உள்ளறையில் விட்டு, கதவுக்குக் கனமான சாக்கைத் தொங்கவிட்டு, தண்ணீர் வைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திரு என்று சொல்லி அனுப்பினார். மற்றதைத் தாம் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

காலையில் சபை கூடியது. வேட்டு வெடிப்பதை ஊருக்கு வெளியே வைத்துக்கொள்ளலாமே என்று அம்பலத்தாடி விண்ணப்பம் செய்தார். ரணசிங்கர் மீசையை நீவிக்கொண்டு சிரித்தார். எல்லாம் வளர்ப்பில் இருக்கிறது, நல்ல சோறு போட்டு வளர்த்த பிராணி எந்தச் சத்தத்துக்கும் அசையாது என்றார். ராஜாவும் தலையை ஆட்டினார். எதற்கும் ஆட்டுகிற தலைதான்.

"அப்படியானால் சோதித்துப் பார்க்கலாம் அரசே," என்றார் அம்பலத்தாடி. "அரண்மனைச் சோற்றிலேயே வளர்ந்த பிராணி ஒன்று இருக்கிறது. சாளரத்துக்குக் கீழே முற்றத்தில் ஒரே ஒரு அதிர்வேட்டு. அது அசையாமல் நின்றால் குப்பாச்சியை அடிக்கட்டும்."

வேட்டு என்றால் ராஜாவுக்கு வெல்லம். உடனே உத்தரவு கொடுத்தார்.

ரணசிங்கர் சுற்றும் முற்றும் பார்த்தார். "எங்கே அந்தப் பிராணி?"

"சத்தம் கேட்டதும் தெரியும்."

சபைக்குள் நாயும் வரவில்லை, பூனையும் வரவில்லை. ஓலைக்காரனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று முடிவு செய்த ரணசிங்கர், சாளரத்தில் சாய்ந்துகொண்டு தம் பாட்டனார் மதயானையின் கொம்பைப் பிடித்து நிறுத்திய கதையை ஆரம்பித்தார். யானை பாதி வழி வந்திருக்கும்.

வேட்டு வெடித்தது.

ரணசிங்கர் போட்ட சத்தத்தை மனிதச் சத்தம் என்று சொல்ல முடியாது. தலைப்பாகை ஒரு பக்கம் உருண்டது, செருப்பு ஒரு பக்கம் பறந்தது. நாலு காலில் பாய்ந்து போய்ச் சிம்மாசனத்துக்கு அடியில் புகுந்துகொண்டார். ராஜா பதறித் தம் கால்களை மேலே தூக்கிக்கொண்டார்.

அம்பலத்தாடி அவசரப்படாமல் ஓலையைப் பிரித்தார். வழக்கமான குரலில் முதலிலிருந்து கடைசிவரை படித்தார்.

"பிராணன் உள்ளதெல்லாம் பிராணிதான் அரசே. இது அஞ்சியது, ஓடியது. சபையே சாட்சி. இதற்குச் சோறு போட்டு வளர்ப்பவர் யார் என்று மட்டும் தெரிந்தால், அந்தப் பன்னிரண்டையும் கொடுத்துவிடலாம்."

ஒருவரும் ராஜாவின் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்களும் தரையில். தரையில் சிம்மாசனத்துக்கு அடியிலிருந்து நெய் தடவிய மீசை நுனி ஒன்று எட்டிப் பார்த்தது. ராஜா ஓலையை வாங்கி முதன்முறையாகத் தாமே படித்தார். "பன்னிரண்டு" என்ற இடத்தில் விரல் நின்றது. முதலில் ஒரு இருமல் வந்தது. அது மெல்லச் சிரிப்பாக மாறியது. ராஜா சிரித்தபின் சபைக்கும் தைரியம் வந்தது.

ஓலை அங்கேயே கிழிந்தது. இனி ஊருக்கு வெளியே வறண்ட ஏரிக்குள்தான் வேட்டு, அதுவும் ஒரு நாழிகை முன்னால் ஊரெல்லாம் சொல்லிவிட்டு என்று உத்தரவானது. அம்பலத்தாடிக்கு ஒரு பட்டுச் சால்வை கிடைத்தது.

அன்று மாலை அரண்மனை வாசலில் தமுக்குச் சத்தம் கேட்டது. வேட்டுப் போடப் போகிறார்கள், பிராணி வளர்ப்பவர்கள் அதை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள் என்று தமுக்கடிப்பவன் கூவிக்கொண்டு போனான்.

ராஜா பக்கத்தில் நின்ற ரணசிங்கரை ஒருமுறை பார்த்தார். பிறகு வாயிற்காவலனைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"கேட்டதல்லவா? நம்முடையதையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்து."